ரிட்டர்ன் லோடு

முதன்முதலாக அவரைப் பார்த்தபோது, லாரியின் டயர்களை ஒவ்வொன்றாக இரும்புக் கம்பியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்சக்கரம் ஒன்று மந்தமாக ஒலித்தது. முகத்தைச் சுளித்து, "ஓனர் பாத்தா திட்டுவான். டிரைவர் என்ன பண்ணுவான், பாவம்" என்றார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. ஓனரும் அவர்தான், டிரைவரும் அவர்தான்.

லாரி செட்டில் அவருக்கு 'ஒத்தவண்டி' என்று பெயர். "டிரைவர் சம்பளம் கேட்டான். ஓனர் அடுத்த மாசம் பாக்கலாம்னுட்டான்" என்று முகம் மாறாமல் சொல்வார். டீக்கடை பெஞ்சு சிரித்து ஓயக் கொஞ்ச நேரமாகும்.

சொந்த வண்டி வாங்கிய முதல் வருஷத்தைப் பேசும்போது மட்டும் குரல் குழைந்துவிடுகிறது. அதற்குமுன் பல வருஷம் ஒரே முதலாளியிடம் கூலிக்கு ஓட்டியவர். எந்தச் சுமைக்கு என்ன வாடகை என்பது மனப்பாடம். அதை மாதத்து நடைகளால் பெருக்கி, டீசலும் தவணையும் கழித்து, "வாங்குற சம்பளத்தப் போல மூணு மடங்கு நிக்கும்" என்று மனைவியிடம் அடித்துச் சொல்லியிருந்தார். திரும்பி வரும் வழியைக் கணக்கில் சேர்க்கவில்லை. திரும்பும்போது ஏற்றும் சுமையை எப்போதும் முதலாளியின் ஆபீஸ்தான் பிடித்துக் கொடுத்திருந்தது.

"கூலிக்கு ஓட்டுறப்போ காலி வண்டின்னா கொண்டாட்டம். பாட்டப் போட்டுட்டு பறந்து வருவோம். சொந்த வண்டியில காலியா வர்றப்பத்தான் உறைச்சுது, டீசல் நம்ம வீட்டு அடுப்புலேர்ந்து போகுதுன்னு."

புது முகத்துக்கு எந்தப் புரோக்கரும் சுமை தரவில்லை. காத்துக் கிடந்தால் நாள் போயிற்று, கிளம்பினால் டீசல் போயிற்று. நடுவில் கியர்பாக்ஸ் வேறு படுத்துக்கொண்டது. கால்சட்டையின் இடது பை வண்டிக்கு, வலது பை வீட்டுக்கு என்று பிரித்து வைத்திருந்தார். வருஷம் முடிவதற்குள் இடது பை கிழிந்து தையல் கண்டது. வலது பை கடையில் வாங்கிய மடிப்பு கலையாமல் இருந்தது.

கிளீனருக்குக் கூலி கொடுக்க வழியில்லாமல் சில நடைகளுக்கு மனைவியே ஏறி வந்தார். பின்னால் நின்று, "வரலாம், வரலாம், இன்னும் வாங்க" என்று கைகாட்டுவாராம். "சுவத்துல இடிச்ச அப்புறம்தான் போதும்னு சொல்லுவா" என்று சிரிக்கிறார். காலி வண்டி தடதடக்க, அதற்கு மேல் கத்தி இருவரும் பேசிக்கொண்டு வந்த அவ்வளவு பேச்சை வீட்டில் ஒருநாளும் பேசியதில்லையாம்.

வருஷக் கடைசியில் பழைய முதலாளி ஆள் அனுப்பினார். புது வண்டி வந்திருக்கிறது, பழைய சம்பளம், உடனே சேரலாம். அவர் மனம் பாதி சாய்ந்துவிட்டது. வண்டியை விற்றால் தவணை தீரும், மாதம் பிறந்தால் வீட்டுக்குக் காசு வரும்.

"போறதுன்னா போங்க" என்றார் மனைவி. "நாளைக்கு நம்ம வண்டிய எவனோ ஓட்டிட்டுப் போறதப் பாத்துட்டு வந்து என்கிட்ட புலம்பக் கூடாது, அவ்வளவுதான்."

ஆபீஸில் முதலாளி புது வண்டியின் சாவியை மேசைமேல் நகர்த்தி வைத்தார். "எப்ப சேர்றே?"

'நாளைக்கே' என்று சொல்லத்தான் போயிருந்தார். கை சாவிப் பக்கம் போகவில்லை. "மொதலாளி, நான் திரும்பி வர்ற வழிக்கு மட்டும் லோடு குடுங்க, போதும்."

"வேலைக்கு வருவேன்னு பாத்தா, போட்டிக்கு வந்து நிக்கிறியேடா."

"போட்டி என்னங்க போட்டி. நான் சரக்கு எறக்குற ஊர்க் கிடங்குல உங்க வண்டி பத்தாம சரக்கு தேங்கிக் கிடக்குது. அதத்தான் கேக்குறேன்."

முதலாளி சிரித்தபடி சாவியை எடுத்து இழுப்பறையில் போட்டார். அடுத்த வருஷத்திலிருந்து டிரைவருக்குச் சம்பளம் ஒழுங்காக வந்தது. ஓனருக்கு லாபம்? "அவன் கிடக்குறான்" என்கிறார்.

வண்டி வாங்கும் ஆசையோடு வருகிறவர்கள், முதல் வருஷம் என்ன நிற்கும் என்று இன்றும் அவரிடம்தான் கேட்கிறார்கள். "இப்ப வாங்குற சம்பளம் வந்தாலே நீ கெட்டிக்காரன். அதுவும் வராதுன்னு வீட்ல மொதல்லயே சொல்லிடு. பொய்க் கணக்குச் சொல்லி ஆசைய ஏத்தாத."

இன்றைக்கும் அவருக்கு ஒரே வண்டிதான். இப்போது அந்தக் கிடங்கு வாசலில் நிற்கிறார். மூட்டைகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. பாரத்தில் வண்டி மெல்லத் தாழ்கிறது. பக்கப் பலகைமேல் உள்ளங்கையைப் பதித்து, அது தாழத் தாழக் கையையும் கூடவே இறக்கிக்கொண்டிருக்கிறார்.