சோபாவுக்குள் ஒளிந்த பூனைக்குட்டி

கரமனை மார்க்கெட் அருகே மழையில் நனைந்து கத்திக்கொண்டிருந்த பூனைக்குட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். "பூனையெல்லாம் வேண்டாம்" என்றார் கணவர். துடைத்து ஹாலில் விட்டேன். சற்று நேரத்தில் காணவில்லை. எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

விரித்திருந்த சோபா-கம்-பெட்டை அவர் மடக்கத் தொடங்கினார். உள்ளிருந்து மெல்லிய முனகல்.

"ஏன்னா, மடக்காதேங்கோ!" என்று அலறினேன்.

டார்ச் அடித்துப் பார்த்தால், ஸ்பிரிங்குகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்தது. "இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தேன்னா..." என்று அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

புது வீடு அதை எவ்வளவு மிரட்டியிருக்கும்! அன்றே சின்ன அறையில் அட்டைப்பெட்டியும் பழைய புடவையும் போட்டு, கதவைச் சாத்தி வைத்தோம். பழகிய பிறகே மற்ற அறைகளைத் திறந்துவிட்டோம்.

இப்போது சோபாவை மடக்குமுன் அவர் குனிந்து, மலையாளத்தில் குழந்தையைக் கொஞ்சுவதுபோல், "குஞ்ஞே, உள்ளே இருக்கியா?" என்று கேட்கிறார், அது அவர் தோளிலேயே உட்கார்ந்திருந்தாலும்கூட.

- மீனா, திருவனந்தபுரம்