பதினோராவது வாக்கு

அருமைராசாவுக்கு ஃபுட்போல் தெரியும். நெல்லியடியில் படித்த காலத்தில் பள்ளிக்கூட அணிக்கு இரண்டு வருடம் பின்வரிசையில் நின்று விளையாடியவர். ஆனால் 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், தான் வேலை செய்த மொன்றியல் கல்லூரியின் மைதானத்தில், இரும்புச் சாரத்தில் கமராவோடு ஏறி நின்றபோது கீழே நடந்தது ஒன்றும் அவருக்கு விளங்கவில்லை. இது கனடாவின் ஃபுட்போல்; பந்து முட்டை மாதிரி இருந்தது. அதைக் காலால் தொட்டவர்கள் மிகக் குறைவு. தலைக்கவசம் போட்ட பெடியன்கள் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். விசில் ஊதியதும் எழும்பி வட்டமாகக் கூடிக் குசுகுசுத்தார்கள். பிறகு மறுபடி விழுந்தார்கள்.

"காலால அடிக்காத விளையாட்டுக்கு ஏன் ஃபுட்போல் எண்டு பேர் வைச்சவங்கள்?" என்று வீட்டுக்கு வந்து மனைவி யோகராணியிடம் கேட்டார்.

"உங்களுக்கு ஏன் அருமைராசா எண்டு பேர் வைச்சவை?" என்றாள் அவள்.

ஊரில் அவர் ஒரு ஸ்டூடியோவில் படம் பிடித்தவர். எண்பத்தேழில் மொன்றியலுக்கு வந்து ஏழு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினார். பிறகு இந்தக் கல்லூரியில் புரொஜெக்டர்களையும் கமராக்களையும் மாணவர்களுக்குக் கொடுத்து வாங்கி வைக்கும் களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. சனி ஞாயிறுகளில் தமிழர் கலியாணங்களுக்கு வீடியோ எடுத்தார். சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த யோகராணிதான் அந்த வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டுக் கொடுப்பாள். வில்லரேயில் அவர்களுடைய வாடகை வீட்டின் முன்னறையில் ஒரு மூலை முழுக்கக் கசெற்றுகளாகவே இருந்தது.

ஃபுட்போல் அணியின் பயிற்சியாளர் கில்பேர், அந்த வருடம் படம் பிடிக்க ஆளில்லாமல் களஞ்சியத்துக்கு வந்து கேட்டார். ஆட்டத்தை மேலிருந்து எடுத்தால் போதும், பிழைகளை மாணவர்களுக்குக் காட்டுவதற்குத்தான் என்றார். அருமைராசா சரி என்றார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஆள் அவர்.

முதல் ஆட்டத்தைப் படம் பிடித்துக் கொடுத்த அடுத்த நாளே கில்பேர் வந்து நின்றார்.

"மிஸ்யூ ராசா, இது என்ன? ஆட்டம் முழுக்க ஒரே ஒரு முகம்தான் இருக்கிறது."

"அவர்தானே பந்தை எறிகிறவர்" என்றார் அருமைராசா. கலியாண வீட்டில் மாப்பிள்ளையை விட்டு வேறு யாரையாவது எடுத்தால் வீட்டுக்காரர் கொன்றுவிடுவார்கள். அந்தப் பழக்கம்.

"எனக்கு அவன் முகம் வேண்டாம். இருபத்திநாலு பேரும் வேண்டும்."

அந்த முகத்துக்குச் சொந்தக்காரன் எத்தியென். அணியின் குவார்ட்டர்பேக். பிரெஞ்சில் கார் அரியேர் என்பார்கள். பந்து ஒவ்வொரு முறையும் முதலில் அவன் கைக்குத்தான் வரும். எறிவதா, ஓடுபவனிடம் கொடுப்பதா என்று அவன்தான் முடிவெடுக்க வேண்டும். வேறு கல்லூரியிலிருந்து அந்த வருடம்தான் வந்து சேர்ந்திருந்தான். உயரமான, அதிகம் கதைக்காத பெடியன்.

முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவதில் வென்றார்கள். மூன்றாவதிலும் வென்றார்கள். அதற்கு முந்திய வருடம் முழுக்க ஒரேயொரு ஆட்டம்தான் வென்ற அணி அது. செப்டெம்பர் முடியும்போது தொடர்ந்து நாலு வெற்றி. கல்லூரிப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் எத்தியெனின் படம். கன்ரீனில் அவனுக்குக் கோப்பி இலவசம். படிப்பித்தவர்கள், கூட்டித் துடைத்தவர்கள், எல்லோரும் ஒரே கதைதான்: எத்தியென் வந்தான், வெற்றி வந்தது.

அருமைராசாவும் அப்படித்தான் நம்பினார். குழப்பத்தைத் தொடக்கி வைத்தது யோகராணி.

ஒரு ஞாயிறு மத்தியானம் கசெற்றைக் கொம்பியூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தவள், "இஞ்சாருங்கோ, உந்த அறுபத்திநாலாம் நம்பர் ஆர்?" என்று கேட்டாள்.

"ஏன்?"

"உந்தப் பெடியன் பந்தையே தொடுறான் இல்லை. ஆனா உங்கட எத்தியெனிட முதுகுப் பக்கத்தால வாற ஒருத்தரையும் விடுறானுமில்லை. பாருங்கோ."

அவர் வந்து பார்த்தார். எத்தியென் வலக்கைக்காரன். எறிவதற்குத் திரும்பும்போது அவன் முதுகு இடது பக்கம் பார்க்கும். அந்தப் பக்கத்தால் யார் வந்தாலும் அவனுக்குத் தெரியாது. சரியாக அந்த இடத்தில், அலுமாரி மாதிரி ஒருவன் நின்றான். அது வில்னேர். ஹெயிட்டிக் குடும்பத்துப் பையன். களஞ்சியத்துக்கு ஒரு முறை வந்து மைக் வாங்கிப்போய், நேரத்துக்குத் திருப்பிக் கொடுத்த ஒரே மாணவன் என்று அருமைராசாவுக்கு ஞாபகம்.

அடுத்த நாள் களஞ்சியத்தில் முந்திய வருடக் கசெற்றுகளைத் தேடியெடுத்துப் போட்டுப் பார்த்தார். பழைய குவார்ட்டர்பேக்கின் கைக்குப் பந்து வந்து இரண்டு செக்கனில் அவன் நிலத்தில் கிடந்தான். எத்தியெனுக்கு நாலு செக்கன் கிடைத்தது. நாலு செக்கன் கிடைத்தால் யார்தான் எறியமாட்டான்? அப்படியென்றால் வென்றது வில்னேரா? ஆனால் போன வருடக் கசெற்றிலும் வில்னேர் இருந்தான். வலது பக்கத்தில் நின்றான்.

கில்பேரிடம் போய்க் கேட்டார்.

"இடம் மாற்றியது நான்தானே" என்று கில்பேர் சிரித்தார்.

"அப்படியென்றால் வெற்றி உங்களுடையதா?"

"மிஸ்யூ ராசா, பந்து எதிரணியிடம் இருக்கும்போது இறங்கும் நம் தடுப்பாட்டக்காரர்களைப் பாருங்கள். போன வருடம் ஆட்டத்துக்கு முப்பது புள்ளி விட்டுக் கொடுத்தவர்கள் இந்த வருடம் பத்துத் தாண்ட விடவில்லை."

"அவர்கள் ஆடும்போது எத்தியென் வெளியே வாங்கில் இருக்கிறான்."

"ஓம், ஆனால் எத்தியென் பந்தை அதிக நேரம் வைத்திருப்பதால்தான் அவர்களுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது."

அருமைராசா களஞ்சியத்துக்குத் திரும்பி வந்து, கசெற்றுகளை மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தார்.

ஒக்டோபரில் ஏழாவது ஆட்டத்தின் தொடக்கத்திலேயே எத்தியெனின் தோள் பிசகியது. மாற்றாளாக இறங்கியவன் கைநடுங்கி. அவன் எறிந்த பந்துகள் யாருக்கென்றே தெரியாமல் போயின. ஆனாலும் ஒரு புள்ளியால் வென்றார்கள். அருமைராசா சாரத்தால் இறங்கும்போது தெளிவாக இருந்தார். எத்தியென் இல்லாமலும் வெல்லலாம். விஷயம் முடிந்தது.

அடுத்த கிழமை எத்தியென் தோளில் கட்டோடு ஆடினான். வில்னேர் வரவில்லை. அவனுடைய தாயை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அன்றைக்கும் வென்றார்கள், பெரிய வித்தியாசத்தில். தொடர்ந்து ஏழு வெற்றி.

"அப்ப ரெண்டு பேரும் தேவையில்லை எண்டோ?" என்று யோகராணி கேட்டாள்.

"எனக்குத் தலை சுத்துது."

ஒன்பதாவது ஆட்டம், தோற்றால் வெளியே. எத்தியெனின் தோள் சுகமாகிவிட்டது. வில்னேரின் தாய் வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு பேரும் இறங்கினார்கள். தோற்றார்கள்.

அந்தக் கிழமைதான் கில்பேர் ஒரு சிறிய தாளைக் கொண்டுவந்து அருமைராசாவின் மேசையில் வைத்தார். வருடத்தின் சிறந்த ஆட்டக்காரன் யார் என்று அணியோடு வேலை செய்த பதினொரு பேர் வாக்குப்போட வேண்டும். அதில் ஒரு வாக்கு அவருக்கு. தெரிவாகிறவனுக்குக் கேடயம் மட்டுமில்லை. கியூபெக் நகரிலிருக்கும் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளரிடம் கில்பேர் அவனைத்தான் சிபாரிசு செய்வார். அங்கே படிக்கவும் ஆடவும் ஒரே ஒருவனைத்தான் அனுப்பலாம். வெள்ளிக்கிழமைக்குள் பெட்டியில் போடச் சொன்னார்.

வியாழன் பின்னேரம் எத்தியென் களஞ்சியத்துக்கு வந்தான். தோள் பிசகிய அன்றைய கசெற்றைப் பார்க்கலாமா என்று கேட்டான். அருமைராசா போட்டுக் கொடுத்தார். தான் வெளியே போனபிறகு நடந்ததையெல்லாம் அசையாமல் இருந்து பார்த்தான்.

"நான் இல்லாமலும் வென்றிருக்கிறார்கள்" என்றான் கடைசியில்.

"ஓம்."

"மெட்ரோவில் தெரியாத ஆட்கள் எனக்குக் கை கொடுக்கிறார்கள். என் அப்பா சொந்தக்காரர் எல்லோருக்கும் பத்திரிகையை வெட்டி அனுப்பியிருக்கிறார். நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வில்னேர் முன்னால் நின்றான், நான் எறிந்தேன். நீங்கள் மேலிருந்து எல்லாம் பார்த்தவர். நீங்கள் சொல்லுங்கள்."

அருமைராசா கசெற்றை வெளியே எடுத்தார். "எனக்கு இந்த விளையாட்டே சரியாகத் தெரியாது" என்றார். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். போனபிறகுதான், அந்தப் பிள்ளைக்கு இதைவிட நல்லதாக எதையாவது சொல்லியிருக்கலாமே என்று அவருக்குக் கவலை வந்தது.

வெள்ளி காலை வில்னேரை நடைபாதையில் பிடித்து, தாயைப் பற்றி விசாரித்தார். பிறகு கேட்டார்: "எத்தியென் கெட்டிக்காரனா?"

வில்னேர் யோசித்தான்.

"அவனைவிட நன்றாக எறிகிறவர்கள் இருக்கிறார்கள்" என்றான். "போன வருடம் இருந்தவன், விழுந்து எழும்பியதும் எங்களைத் திரும்பிப் பார்ப்பான். இவன் விழுந்தால், எழும்பி வந்து, வட்டத்தில் நிற்கும்போது, அது என் பிழை, நான் பிந்திவிட்டேன் என்று சொல்லுவான். பலதடவை அது என் பிழை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, ஏன் பொய் சொல்கிறான் என்று. பிறகு, இவனை விழவிடக் கூடாது என்று வந்துவிட்டது. எங்கள் வரிசையில் எல்லோருக்கும் அப்படித்தான்."

சாரத்தின் மேலே சத்தம் கேட்காது. அவர்கள் வட்டமாகக் கூடிநின்ற ஒவ்வொரு முறையும் பற்றரியை மிச்சம் பிடிக்க அருமைராசா கமராவை நிறுத்தியிருந்தார். அத்தனை கசெற்றிலும் அந்த வட்டம் ஒன்றில்கூட இல்லை.

அப்படியென்றால் நாலு செக்கனைக் கொடுத்தது வில்னேர். வில்னேரைக் கொடுக்க வைத்தது எத்தியென். ஆனால் எத்தியென் இல்லாத அன்றும் வில்னேர் ஒருவனையும் உள்ளே விடவில்லையே. வில்னேர் இல்லாத அன்றும் எத்தியென் விழவில்லையே. இரண்டு பேரும் இருந்த அன்று தோற்றார்களே. அன்று முழுக்க அந்தத் தாளைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்துவிட்டு, பெட்டியில் போடாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

சனிக்கிழமை காலைச் சாப்பாட்டின்போது யோகராணியிடம் தாளைக் காட்டினார்.

"நீர் ஆருக்குப் போடுவீர்?"

"என்னை ஏன் கேக்கிறியள்?" என்றாள். பாணில் பட்டர் பூசிக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னாள்: "உங்கட தம்பிமார் கலியாணம், பிறந்தநாள் எண்டு மைக்கைப் பிடிச்சால், அண்ணை இல்லாட்டி நாங்கள் கனடா கண்டிருக்க மாட்டம் எண்டுவினம். மூண்டு பேரிட ஸ்பொன்சர் ஃபோர்மையும் ராவா பகலா பிரெஞ்சு அகராதி வைச்சு நிரப்பினது ஆர்?"

"நீர்தான்."

"நான் ஏதும் சொன்னனானோ?"

"இல்லை."

"அவையைக் கூப்பிடவேணும் எண்டு நிண்டது நீங்கள்தான். எனக்கு அந்த நினைப்பே வந்திராது. அதால நான் ஒண்டும் சொல்லுறேல்லை." கத்தியை வைத்தாள். "ஆனா ஒருக்காவெண்டாலும் நீங்கள் மைக்கை வாங்கிச் சொல்லியிருக்கலாம்."

அருமைராசா தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். இருபது வருடத்தில் அவள் இதைச் சொன்னது அன்றுதான். கோபத்தில் சொன்னாளா, பகிடிக்குச் சொன்னாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கேட்கப் பயமாகவும் இருந்தது.

திங்கள் காலை கில்பேர் களஞ்சியத்துக்கு நேரே வந்தார். மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார்.

"ஐந்துக்கு ஐந்து. உங்களுடையது மட்டும்தான் பாக்கி."

"நான் போடாமல் விடலாமா?"

"விட்டால் நான் நாணயம் சுண்ட வேண்டும். அதைவிட நீங்கள் போடுங்கள்."

அருமைராசா பேனையை எடுத்தார். 'எ' என்பதற்குரிய பிரெஞ்சு எழுத்தை எழுதிவிட்டு நிறுத்தினார். அதை வெட்டினார். வில்னேர் என்று எழுதி, தாளை மடித்துக் கொடுத்தார். கில்பேர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

கேடயம் கொடுத்த அன்று கன்ரீனில் பெரிய கூட்டம். பெயரை வாசித்ததும் ஒரு கணம் ஒருவரும் கை தட்டவில்லை. எல்லோரும் எத்தியெனைத்தான் பார்த்தார்கள். முதலில் எழும்பியவனும் அவன்தான். விரல்களை வாயில் வைத்து விசிலடித்தான், வில்னேரைக் கட்டிப்பிடித்தான். எத்தியெனுடைய தகப்பன் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனதையும் அருமைராசா கண்டார். அன்று வீட்டுக்குப் போகும் வழியில், தான் வாக்குப் போட்டது வில்னேருக்கா யோகராணிக்கா என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. யோகராணிக்குச் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் வில்னேரின் பெயராக எழுதிக் கொடுத்துவிட்டால், மற்றப் பெடியனுக்கு அது நியாயமா?

வில்னேர் கியூபெக் நகருக்குப் போனான். இரண்டாம் வருடம் முழங்கால் உடைந்து ஆட்டத்தை விட்டான், ஆனால் படிப்பை விடவில்லை. எத்தியென் அந்த வருடத்தோடு ஃபுட்போலை நிறுத்திக்கொண்டான். கல்லூரி அணி அடுத்த வருடம், இரண்டு பேரும் இல்லாமல், ஒன்பதில் ஐந்து வென்றது. ஐந்து என்பது நல்லதா கெட்டதா என்றுகூட அருமைராசாவால் சொல்ல முடியவில்லை. சாரத்தில் ஏறித் தொடர்ந்து படம் பிடித்தார். இப்போதெல்லாம் வட்டம் கூடும்போதும் கமராவை நிறுத்துவதில்லை. சத்தம் எப்படியும் கேட்காது.

தம்பியின் மகள் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியச் சடங்கில் அவர் மைக்கை வாங்கினார். யோகராணியின் பெயரைச் சொன்னார், ஃபோர்ம், அகராதி எல்லாம் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். யோகராணி முகத்தைச் சுளித்து, "உந்தக் கூத்து இப்ப ஆர் கேட்டது?" என்றாள். பிறகு அந்த வீடியோவை வெட்டும்போது அந்தப் பகுதியை மட்டும் அவள் குறைக்கவேயில்லை.

2009 மார்ச்சில், சென்ட் லோரன்ட் பக்கம் போன பஸ்ஸில் எத்தியெனைக் கண்டார். கட்டட வேலைச் சப்பாத்தோடு நின்றான். அவன்தான் முதலில் பொன்ஜூர் சொன்னான். காலநிலை, வேலை எல்லாம் கதைத்தார்கள். பிறகு திடீரென்று கேட்டான்:

"அந்தக் கடைசி வாக்கு உங்களுடையது என்று கில்பேர் ஒருமுறை சொன்னார். உண்மையா?"

"உண்மை. வில்னேருக்குப் போட்டேன்."

எத்தியென் யன்னலால் பார்த்தான். "நானும் அவனுக்குத்தான் போட்டிருப்பேன்" என்றான். பஸ் ஒரு சிக்னலில் நின்று மறுபடி வெளிக்கிட்டது. "அப்படித்தான் நினைக்கிறேன்" என்று சேர்த்துக்கொண்டான். அடுத்த தரிப்பில் கையை உயர்த்திவிட்டு இறங்கிப் போனான்.

வீட்டில் யோகராணி கேட்டாள்: "சந்தோசமாச் சொன்னவனோ, மனவருத்தத்தில சொன்னவனோ?"

"தெரியேல்லை" என்றார் அருமைராசா. "ஒருக்கா யோசிக்க அப்பிடிப் படுது. இன்னொருக்கா யோசிக்க இப்பிடிப் படுது."

"சரி, சப்பாத்தைக் கழட்டுங்கோ. நிலமெல்லாம் ஈரம்" என்றாள் அவள்.