கடைசியில் விழுந்த நாலு

இங்கே ரூஜ் பகுதியில் என் சிநேகிதி வசந்தி வீட்டு பேஸ்மென்ட்டில், ஞாயிறு பின்னேரங்களில் போக்கர் விளையாடுவோம். சில்லறைப் பந்தயம்தான், ஒரு தடவைக்கு இவ்வளவுதான் கட்டலாம் என்று அளவும் உண்டு. கைக்கு இரண்டு கடுதாசி, அதாவது சீட்டு. மேசையில் முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாக இரண்டு விரிப்பார்கள்.

நான் ஊரில் இரண்டு இரண்டு பேராய்க் கூட்டுச் சேர்ந்து ஆடும் 304 என்ற சீட்டாட்டம் விளையாடி வளர்ந்தவள். அதில் எந்தக் கை வந்தாலும் கடைசிவரை விளையாட வேண்டும். இடையில் கடுதாசியைக் கீழே வைத்து விலகுவது கூட்டாளிக்குச் செய்யும் துரோகம்.

ஒருநாள் எனக்குக் கையில் இரண்டும் நாலாக, சோடி நாலு வந்தது. மேசையில் விழுந்த மூன்றும் பெரிய கடுதாசிகள். வசந்தி பந்தயம் கட்டக் கட்ட நானும் விடாமல் கட்டினேன். கடைசிக் கடுதாசியாக இன்னொரு நாலு விழுந்தது. மூன்று நாலு சேர்ந்ததில் வென்றுவிட்டேன்.

"அக்கா, உது கெட்டித்தனமில்லை. மூண்டு விரிச்சும் இன்னொரு நாலு வரேல்லையெண்டால் வைச்சிடுங்கோ," என்றாள் வசந்தி. தோற்ற எரிச்சலில் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அதன்பிறகு சோடி இரண்டு, சோடி ஐந்து எல்லாவற்றையும் கடைசிவரை இழுத்து, வாராவாரம் தோற்றேன்.

இப்போது முதல் மூன்றில் என் சோடிக்குத் துணை வராவிட்டால், கடுதாசியைக் கவிழ்த்துவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பிவிடுகிறேன். போக்கரில் எனக்குக் கூட்டாளி இல்லை என்பது விளங்கக் கனகாலம் சென்றது. அந்த நாலு விழாமல் இருந்திருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும்.