ஒற்றைச் செருப்பும் கிழித்த முதல் பக்கமும்

காலை ஒன்பது பத்து. ஹைதராபாத் நாச்சாரத்தில் அந்த டிவி தொடர் தயாரிப்பு அலுவலகத்தின் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது குப்பைக் கூடை. அதில் என் பைலட் ஸ்கிரிப்டின் முதல் பக்கம் கிழிந்து கிடந்தது. ‘எழுத்து’ என்ற சொல் ஒரு துண்டிலும் ‘வசந்தா’ என்ற என் பெயர் இன்னொரு துண்டிலும் இருந்தன.

கிழித்தவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெயர் சரண். வயது முப்பத்து நான்கு. மல்காஜ்கிரியில் பிறந்து வளர்ந்த ரயில்வே குடும்பத்துத் தமிழர். நான்கு தொடர்கள் எழுதியவர். எனக்குப் பைலட், அதாவது சேனலுக்குக் காட்டும் முதல் எபிசோடு, எழுதக் கற்றுத்தருவதற்காகத் தயாரிப்பு நிறுவனம் அவரை ஒதுக்கியிருந்தது.

“உக்காருங்க மேடம். முதல் பக்கம் நக்கோ, வேணாம்” என்றார். “படிக்கிறவன் பேரைப் பாத்துட்டு முடிவு பண்ணிடுவான். புதுப் பேர்னா மூணாவது பக்கத்துல மூடி வெச்சுடுவான். பேரே இல்லைன்னா யாரா இருக்கும்னு கடைசிவரை படிப்பான்.”

ஒரு நாளிதழின் ஹைதராபாத் அலுவலகத்தில் நான் நிருபராக இருந்தவள். அலுவலகத்தை மூடும்வரை அங்கேதான் வேலை. எங்கள் தொழிலில் ஒரு செய்திப் பிரதியிலிருந்து பைலைனை, அதாவது எழுதியவர் பெயரை, எடுத்தால், அது இனி உங்கள் பிரதி இல்லை என்று பொருள். சரண் சொன்ன காரணம் நியாயமாகத்தான் இருந்தது. கிழிக்காமல் எடுத்து வைத்திருக்கலாமே என்றும் நினைத்தேன்.

செய்தியும் சீனும்

கதை இதுதான். போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டில் தக்காளி ஏலம் கூறுபவர் ஒருவர் ஒருநாள் காணாமல் போகிறார். மறுநாள் அவருடைய மனைவி அவர் நின்ற இடத்தில் ஏறி நின்று ஏலம் கூற ஆரம்பிக்கிறாள். கணவனைக் கொண்டுபோனவன் எதிரே நிற்கும் வியாபாரிகளில் ஒருவன் என்பது அவளுக்குத் தெரியும். யார் என்று தெரியாது.

மார்க்கெட் செய்திக்காக அங்கே போய் வந்த காலத்திலேயே மனதில் விழுந்த கதை. அதைச் செய்தியாக எழுத முடியாது, நடக்காத விஷயம். அதனால் அத்தனை வருடமும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். என்னிடம் இருந்த ஒரே கதையும் அதுதான். அது என் பெயரில் வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவே.

சரண் முதல் சீனைப் படித்தார். பிறகு தலை நிமிராமலே கேட்டார்.

“காணாமப் போனவன் பேரு, வயசு, கமிஷன் கடை நம்பர், அவனுக்கு யார்கூட தகராறு, எல்லாம் முதல் சீன்லயே வந்துடுச்சு. இதுக்கப்புறம் நாப்பது நிமிஷம் நான் எதுக்கு மேடம் டிவி முன்னாடி உக்காந்திருக்கணும்?”

“முக்கியமானது முதல்ல வரணும்னு…”

“ஹவ், ஆமா, பேப்பர்ல வரணும். பேப்பர்ல இடம் இல்லைன்னா கீழேர்ந்து வெட்டுவாங்க, அதனால மேல கொட்டிடுவீங்க. இங்க மேல கொட்டினா ஜனம் சேனலை மாத்திடும்.”

பத்திரிகையிலிருந்து இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லோரும் செய்கிற தவறு இது. விஷயம் கையில் இருந்தால் உடனே கொடுத்துவிடுவோம். கையில் வைத்துக்கொண்டு தராமல் இருப்பது எங்களுக்குக் குற்றம் மாதிரி. ஐந்து முறை திருத்தி எழுதினேன். ஐந்து முறையும் நான்காவது சீனுக்குள் குற்றவாளி யார் என்று புரிந்துவிட்டது.

கேன்டீன் நரேஷன்

சரணிடம் ஒரு வழக்கம் இருந்தது. கீழே கேன்டீனுக்கு அழைத்துப் போய், யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களிடம் கதையை வாயால் சொல்லச் சொல்வார். லைட்மேன், ஜெனரேட்டர் வண்டி டிரைவர், மேக்கப் பெண். நான் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்க மாட்டார். கேட்பவரின் கையைப் பார்ப்பார். கை போனுக்குப் போன இடத்தில் சீன் செத்துவிட்டது என்று கணக்கு. இந்த உத்தி உண்மையிலேயே உதவியது. இப்போதும் நான் இதைத்தான் செய்கிறேன்.

ஆனால் ஒருநாள் அந்த மேசைக்கு பிரவீன் வந்தார். அதே வளாகத்தில் வேறொரு தொடரின் இணை இயக்குநர். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் தேநீரைத் தொடவில்லை, போனையும் தொடவில்லை. கடைசியில் சரண் அவரிடம் தெலுங்கில், “எலா உந்தி?”, எப்படி இருக்கு என்று கேட்டார். பிரவீன் கட்டைவிரலை உயர்த்தினார். இருவரும் சிரித்தார்கள்.

அன்று மாலை சரண் சொன்னார்: “சேனலுக்கு நீங்க எதுவும் நேரா அனுப்பாதீங்க. எனக்கு மட்டும் அனுப்புங்க. நான் குடுத்துக்கறேன்.”

பெயரில்லாத பிரதி, என் வாயாலேயே முழுக் கதையையும் கேட்ட ஒரு இணை இயக்குநர், இப்போது இது. மூன்றும் கதைத் திருட்டு என்ற ஒரே பக்கம் கைகாட்டின.

பொறி

எங்கள் செய்தியைப் போட்டிப் பத்திரிகை தொடர்ந்து எடுக்கிறது என்று சந்தேகம் வந்தால் நாங்கள் ஒன்று செய்வோம். முக்கியமில்லாத ஒரு விவரத்தை மாற்றிவிட்டு, அது எங்கே முளைக்கிறது என்று பார்ப்போம். அதையே செய்தேன்.

காணாமல் போனவரின் பொருள் ஒன்று லாரிக்கு அடியில் கிடைக்கிறது. சரணுக்கு அனுப்பிய பிரதியில் அதை இடது கால் செருப்பு ஆக்கினேன். சேனல் பொறுப்பாளர் விக்ரமுக்கு நேராக அனுப்பிய பிரதியில் கைக்கடிகாரம். இரண்டிலும் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும் வசனம், பார்வை, எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். திருடினாலும் பாதிக் கதைதான் கிடைக்க வேண்டும்.

மறுநாள் காலை சரண் போன் செய்தார்.

“இதை எப்ப எழுதினீங்க?”

“நேத்து.”

“இதுதான் பைலட். யார் பண்ணினாங்கன்னு எனக்கே தெரியலை. நல்லா ஒளிக்கிறீங்க அக்கா.”

அதுவரை மேடம் என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் அவர் சொல்லி வராதது, அவரை நம்பாததால் ஒரே நாளில் வந்துவிட்டது. பாராட்டை வாங்கிக்கொண்டேன். குற்றவாளியின் பெயரை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆர்ட் டிபார்ட்மென்ட்

அடுத்த வாரம் நாச்சாரம் போனபோது, கீழ்த்தளத்தில் ஆர்ட் டிபார்ட்மென்ட் மேசை மேல் ஒரு செருப்பு இருந்தது. இடது கால். வார் அறுந்திருந்தது. சேறு காய்ந்தது போல அதன்மேல் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பிரவீன் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “நமஸ்தே மேடம்” என்றார்.

நேராக மாடிக்குப் போனேன்.

“செருப்பு கீழ இருக்கு.”

“ஹவ்” என்றார் சரண்.

“யார் குடுத்தது?”

“நான்தான். டெஸ்ட் ஷூட். ஒரு சீன் எடுத்துக் காட்டினாத்தான் சேனல் நம்பும். பிரவீன் சும்மா எடுத்துத் தர்றேன்னான்.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா நீங்க செருப்பையும் மாத்திடுவீங்க.” நாற்காலியைத் தள்ளிவிட்டார். “உக்காருங்க. நான் ஒண்ணு கேக்கறேன். விக்ரமுக்குப் போன பிரதியில வாட்ச்சாமே. எனக்கு மட்டும் எதுக்கு அக்கா செருப்பு?”

நான் உட்காரவில்லை.

“பரவால்ல. செருப்புதான் சரி. வாட்ச்னா அவனே கழட்டி வெச்சிருக்கலாம். ஒத்தச் செருப்பை விட்டுட்டு யாரும் நடந்து போக மாட்டான். அதான் விக்ரம்கிட்ட வாட்ச்சை வெட்டச் சொல்லிட்டேன்.”

அவர் சொன்னது சரி. பொறிக்காக வைத்த விவரம் கதையின் மிக நல்ல விவரம் ஆகிவிட்டது. செருப்பைப் பற்றி அவர் சொன்னது சரி என்பதால், அவர் சொன்ன மற்றவையும் சரியாக இருக்கும் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மீட்டிங்

டெஸ்ட் ஷூட்டைப் பார்த்துவிட்டு விக்ரம் முதலில் கேட்டது, “யார் கொண்டுபோனது?”

“ரெண்டாவது எபிசோடு எழுதும்போது சொல்றேன்” என்றேன்.

“சரண், உங்களுக்காவது தெரியுமா?”

“சத்தியமா தெரியாது சார். தெரிஞ்சிருந்தா டீ வர்றதுக்குள்ள சொல்லிருப்பேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். விக்ரம், “அப்ப எனக்கும் சொல்லாதீங்க, நான் அடுத்த மீட்டிங்குக்கு வர ஒரு காரணம் வேணும்” என்றார். பைலட் ஓகே ஆனது.

ஒப்பந்தம் வந்தது. எழுத்து என்ற தலைப்பின் கீழ் என் பெயர் வரும் என்று அதில் இருந்தது. இருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

டைட்டில் கார்டு

எடிட்டிங் அறையில் டைட்டில் கார்டுகளைக் காட்டினார்கள். எழுத்து என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு பெயர்கள் இருந்தன. சரண். வசந்தா.

பக்கத்தில் நின்ற சரணைப் பார்த்தேன்.

“அகரவரிசைல போட்டிருக்காங்க அக்கா. ச முன்னாடி, வ பின்னாடி.”

“வரிசையைக் கேக்கலை. ரெண்டு பேர் ஏன்னு கேக்கறேன்.”

“அஞ்சு டிராஃப்ட் கூட உக்காந்திருக்கேனே. ஒப்பந்தத்துல உங்க பேர் வரும்னு இருக்கு, வந்திருக்கு. உங்க பேர் மட்டும்னு இல்லையே?”

இல்லைதான். கார்டுகளை மறுபடி ஓட்டச் சொன்னேன். கலை என்ற கார்டிலும் இரண்டு பெயர்கள் இருந்தன: ராஜு, கிரண். படத்தொகுப்பு: வெங்கட், அனில். அகரவரிசை எங்கள் கார்டில் மட்டும்தான் இருந்தது. அதைச் சரணிடம் சொன்னேன். “ஹவ், கவனிக்கலை” என்றார்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கேன்டீனில் கதை சொல்லுங்கள், கேட்பவரின் கையைப் பாருங்கள். முதல் பக்கத்தை யார் கிழித்தாலும் அதன் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் ‘மட்டும்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். கற்றுக்கொடுப்பவர் நல்லவரா கெட்டவரா என்று முடிவு கட்டும்வரை காத்திருக்க வேண்டாம், அதற்குள் கற்றுக்கொண்டுவிடலாம்.

இரண்டாம் எபிசோடின் வேலை திங்கட்கிழமை தொடங்கியது. சரண் எனக்கு முன்பே வந்து, ஒயிட்போர்டைத் துடைத்து, மார்க்கரை என் பக்கம் வைத்திருந்தார். ஏலம் கூறுபவரைக் கொண்டுபோனது யார் என்று அவருக்கு இன்னும் தெரியாது.