நெற்கட்டுக்குக் கீழே

என் கூடப் பிறந்த அக்காவை, எங்கள் வயலில் கூலி வேலை செய்பவள் என்று ஒருமுறை சொன்னேன். அது அவள் காதிலும் விழுந்தது.

என் மகனின் பட்டறைக்குச் சீனாவிலிருந்து வந்த இயந்திரத்தோடு ஒரு காலண்டரும் வந்திருந்தது. வேலைக்காகச் சீனம் படித்த மருமகள் அதிலிருந்த பெரிய எழுத்தைக் காட்டினாள்.

"இதுக்கு வருஷம்னு அர்த்தம் மாமா. ஆதியில இப்படித்தான் இருந்துச்சாம்" என்று ஒரு தாளில் வரைந்தாள். மேலே முற்றிய கதிர், அடியில் அதைச் சுமக்கும் ஆள். விளைச்சல் வீடு வந்து சேர்ந்தால் ஒரு வருடம்.

எனக்குப் புது நெல்லின் வாசனை அடித்தது. சிறுவனாக ஸ்ரீரங்கத்தில் பள்ளி விட்டு நண்பர்களோடு வருகிறேன். எதிரே அக்கா. தலையில் சரசரக்கும் நெற்கட்டு, முழங்கால்வரை சேறு. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"யாருடா அது?" என்றான் ஒருவன்.

"எங்க வயல்ல கூலிக்கு வர்றது."

அக்கா நிற்காமல் நடந்தாள். நான் படிக்க வேண்டும் என்று தன் படிப்பை விட்டவள் அவள்.

அந்தத் தாளோடு சமயபுரத்திலுள்ள அவள் வீட்டுக்குப் போனேன். பேரப்பிள்ளைகள் எதிரிலேயே நான் சொன்னதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "நம்ம வீட்டுக்கு வருஷத்தையே சுமந்து வந்தவ நீதான்க்கா" என்றேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு தாளிலிருந்த படத்தை உற்றுப் பார்த்தாள்.

"கட்டு சின்னதா இருக்கேடா. நான் இதுல ரெண்டு பங்கு தூக்குனேன்."

என் பேனாவை வாங்கிக் கதிர்களைப் பெரிதாக்கினாள். சுமக்கும் ஆளுக்கு ஒரு கொண்டையும் போட்டாள்.