தயிருக்கு ஆரு சொல்ற?

ஒரு சட்டித் தயிரைக் களுவாஞ்சிக்குடியிலிருந்து புளியந்தீவுக்கு உடையாமல் கொண்டுவர எனக்குத் தெரியாது. நாற்பது வருடமாகக் கார் ஓட்டுகிறேன்... போன வெள்ளிக்கிழமைதான் இது தெரியவந்தது!

என் மனிசியின் ஆட்டைத் திவசம். அவள் போய் ஒரு வருடமாகிவிட்டது. படையலுக்கு எருமைத் தயிர் வேண்டும் — அதுவும் அவள் வழமையாக வாங்கும் கடையிலிருந்து. கடைக்காரர் சட்டியின் வாயைப் பேப்பரால் மூடிக் கட்டித் தந்தார்.

“கீழ வையுங்க ஐயா. சீற்றில வெச்சா சறுக்கிரும்.”

கேட்டேனா? முன் சீற்றில், எனக்கு இடப்பக்கம் வைத்தேன். அவளுக்கான தயிர், அவள் இருந்த இடத்திலேயே வரட்டுமே.

அவள் இருந்தவரை சட்டி அவளுடைய மடியில்தான் வரும். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள். காருக்குள்ளும் வகுப்பு நடக்கும். நான் பிரேக் போட்டால் தயிர் முன்னால் சாயும். வளைவில் திருப்பினால் வெளிப்பக்கம் சாயும். அதற்கேற்ப மடியைச் சரித்துச் சரித்து, என்னை ஏசிக்கொண்டே வருவாள்.

“கார் நிண்டிட்டெண்டு உங்களுக்குத் தெரியும். தயிருக்கு ஆரு சொல்ற? அது இன்னும் ஓடிக்கொண்டுதானே இரிக்கு!”

சடத்துவம்! ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்த சொல். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கினேன். விளங்கியது என்னவோ கல்யாணத்துக்குப் பிறகு, தயிரால்தான். நம்மில் பலர் விஞ்ஞானம் படித்தது இப்படித்தானே — சொல் முதலில், சங்கதி எத்தனையோ வருடம் கழித்து?

எனக்கும் ஒரு பழக்கம் இருந்தது. திடீரென்று பிரேக் போட்டால் என் இடது கை தானாகப் போய் அவளுடைய தோளை மறிக்கும். பெல்ட் போட்டிருப்பாள்... இருந்தாலும் போகும்.

“இந்தக் கையா என்னைத் தாங்கப்போகுது?” என்று சிரிப்பாள். ஒரு நாளும் தட்டிவிட்டதில்லை.

வெள்ளிக்கிழமை, ஆரையம்பதியை நெருங்கும்போது நடுவீதியில் ஒரு மாடு. ஹோர்ன் அடித்தேன். நம்மூர் மாடு அதற்கெல்லாம் அசையுமா? பிரேக்கை மிதித்தேன்.

கார் நின்றது. சட்டி நிற்கவில்லை. என் இடது கை பாய்ந்தது — சட்டிக்கு அல்ல. அதற்கு ஒரு முழம் மேலே, அவளுடைய தோள் இருக்கும் இடத்துக்கு. அங்கே ஒன்றுமில்லை. கைக்குக் கீழால் சட்டி சறுக்கி விழுந்து விளிம்பு உடைந்தது. பாதித் தயிர் கால்மிதியில்.

காரை ஓரங்கட்டிவிட்டு அழுதேன். தயிருக்காக இல்லை. மாடு பார்த்துக்கொண்டு நின்றது.

வீட்டில் மனிசியின் தங்கை, சட்டியில் மிஞ்சிய தயிரைக் கிண்ணத்தில் அள்ளிப் படையலுக்கு வைத்தாள்.

“என்னத்தான், ஒரு சட்டியப் பிடிக்க ஏலாதா உங்களுக்கு?”

“கைய நீட்டினன்தான் புள்ள... அக்கா இல்லையெண்டு கைக்கு ஆரு சொல்ற?”