கொள்ளிடக் கரையில் பியானோவின் அரை நிமிடம்

இந்தப் பயணம் 1966 தை மாதத்தில். பழைய கதை, பஸ் கட்டணத்தை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். சென்னையில் ஒரு ஹோட்டல் ஜாஸ் குழுவில் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பியானோக்காரன் பெஞ்சமின் ஐப்பசியில் காய்ச்சலில் இறந்துபோனான். நாகஸ்வரம், சாக்ஸபோன், பியானோ மூன்றுக்குமாகக் கல்யாணி ராகத்தில் அவன் எழுதிய மெட்டு என்னிடம் இருந்தது. அதை ஒரு முறையாவது காதால் கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் போனேன், கோயில் பார்க்க அல்ல.

எழும்பூரில் ராத்திரி ரயில் ஏறி, காலை ஐந்தரைக்குத் திருச்சி. ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ், ஐந்து மைல், இருபத்தைந்து பைசா. சாக்ஸபோன் பெட்டிக்கும் கண்டக்டர் டிக்கெட் கிழித்தார்.

உத்தர வீதியில் பெருமாள் புறப்பாடு. நான் தேடி வந்த நாகஸ்வரக்காரர் கோதண்டம்தான் முன்னால் வாசித்துப் போனார். ஆலாபனை முடிந்ததும் என்னை அறியாமல் படபடவென்று கை தட்டிவிட்டேன். வேறு ஒருவரும் தட்டவில்லை. வீதியே திரும்பிப் பார்த்தது. அவமானம் பிடுங்கித் தின்றது.

பதினோரு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன்.

“தட்டினது நீங்கதானே?” என்றார்.

“ஆமாங்க. ஜாஸ்ல ஒருத்தர் தனியா வாசிச்சு முடிச்சா தட்டணும். இல்லன்னா அவர் வாசிச்சதை யாரும் கேக்கலைன்னு ஆயிடும்.”

“நாங்க பெருமாளுக்கு வாசிக்கிறோம். அவர் கேக்குறாருன்னு யாரும் தட்டிக் காட்ட வேண்டியதில்லைங்க.”

பெஞ்சமினைப் பற்றியும் அவன் மெட்டைப் பற்றியும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: “மேடைக்கெல்லாம் வர மாட்டேன். சாயங்காலம் கொள்ளிடத்துக்கு வாங்க.”

கோயிலிலிருந்து ஒரு மைல்தான், நடந்தே போனேன். அவர் தம்பி ஒத்து கொண்டுவந்திருந்தார். ஒரே சுருதியை விடாமல் ஊதுகிற குழல் அது. மெட்டை இரண்டு தடவை பாடிக் காட்டினேன், கோதண்டம் பிடித்துக்கொண்டார். நடுவில் பியானோ மட்டும் வாசிக்க வேண்டிய அரை நிமிடம் இருந்தது.

“இங்க யாரு வாசிக்கணும்?”

“அவன்தாங்க.”

“அப்ப அவருக்கே விட்டுடுவோம்.”

அந்த இடம் வந்ததும் இருவரும் வாத்தியத்தை இறக்கினோம். ஒத்து மட்டும் ஒலித்தது. மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தவன் பாதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். அழுதுகொண்டிருந்தேன். அரை நிமிடம் முடிந்ததும் கோதண்டம் நாகஸ்வரத்தை மடியில் வைத்தார். நிதானமாக நாலு தடவை கை தட்டினார். பிறகு எடுத்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.

போகிறவர்களுக்கு: தைத் தேர் நாட்களில் தங்க அறை கிடைப்பது கஷ்டம், முன்பே சொல்லி வையுங்கள். வெயில் காலமானால் நாலரை மணிக்கு மேல் ஆற்றில் இறங்குங்கள், மணல் சுடும். புறப்பாட்டில் கையைக் கட்டிக்கொண்டு கேளுங்கள்.

அந்த மெட்டை நான் எந்த மேடையிலும் வாசிக்கவில்லை. பெஞ்சமினுக்கு வரவேண்டிய கைத்தட்டல் அன்றைக்கே வந்துவிட்டது.